மிக்கி மேன்டில் வளர்ந்த ஊருக்கு: காமர்ஸ், ஓக்லஹோமா பயண வழிகாட்டி

மாலை 4 மணிக்கு அந்த வீட்டின் முன் நிற்க வேண்டும். இந்த வழிகாட்டியை முழுக்க அந்த ஒரு நேரத்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். காலையில் எங்கே போவது, எப்போது சாப்பிடுவது, இரவு எங்கே தங்குவது எல்லாமே அதற்காகத்தான்.

காரணம் இது. 1930களின் பிற்பகுதியில், ஓக்லஹோமாவின் காமர்ஸ் என்ற சின்ன ஊரில், எல்வின் மேன்டில் என்ற சுரங்கத் தொழிலாளி வேலை முடிந்து மாலையில் வீட்டுக்கு வருவார். ஊரில் அவர் பெயர் 'மட்'. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்கு முதுகைக் காட்டியபடி அவருடைய பையன் மட்டையோடு தயாராக நிற்பான். அப்பா வலது கையால் டென்னிஸ் பந்தை எறிவார். பையன் இடது பக்கம் நின்று அடிக்க வேண்டும். அப்புறம் தாத்தா சார்லி இடது கையால் எறிவார். பையன் வலது பக்கம் மாறி நிற்க வேண்டும். தவறவிட்ட பந்து தகரத்தில் பட்டு 'டங்' என்று சத்தம் வரும். இருட்டும் வரை இதே ஆட்டம்தான். வீட்டுக் கூரையைத் தாண்டிப் போனால் ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி.

அந்தப் பையன்தான் மிக்கி மேன்டில். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காக 1951 முதல் 1968 வரை 18 பருவங்கள் ஆடியவர். 536 ஹோம் ரன்கள், 7 உலகத் தொடர் (பருவ இறுதிப் போட்டி) பட்டங்கள், 3 முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். இரண்டு பக்கமும் நின்று அடிக்கும் 'ஸ்விட்ச் ஹிட்டர்'களில் அவருக்கு இணை யாரும் இல்லை என்று இன்றும் பலர் சொல்வார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

நான் டல்லாஸ் பக்கம் இருப்பவன். இரண்டு முறை போய்வந்தேன். முதல் முறை சிலையில் தொடங்கி, நினைத்தபடி சுற்றி, பாதி விஷயம் பிடிபடாமல் திரும்பினேன். இரண்டாவது முறை அந்த அப்பாவின் ஒரு நாளைப் பின்தொடர்வது போல வரிசையை மாற்றினேன். முதலில் சுரங்கம், பிறகு வீடு. ஊர் அப்போதுதான் புரிந்தது.

படி 1: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புள்ளிவிவரம் எல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூன்று விஷயம் போதும்.

ஒன்று, பெயர். மிக்கி பிறந்தது 1931 அக்டோபர் 20 அன்று, ஸ்பாவினா என்ற ஊரில். அப்போதே மட் மகனுக்கு மிக்கி காக்ரேன் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயரை வைத்துவிட்டார். காக்ரேனின் உண்மையான பெயர் கார்டன்; மிக்கி என்பது பட்டப்பெயர்தான் என்று மட்டுக்குத் தெரியாது. பிள்ளை கண் திறப்பதற்குள் அவன் பேஸ்பால் ஆடுவான் என்று முடிவு செய்த அப்பா அவர்.

இரண்டு, 1956. அந்த ஆண்டு மேன்டிலின் சராசரி .353, ஹோம் ரன் 52, அடித்துச் சேர்த்த ஓட்டங்கள் 130. மூன்றிலும் யாங்கீஸ் ஆடிய அமெரிக்கன் லீக்கில் மட்டுமல்லாமல், மேஜர் லீக் பேஸ்பாலின் இரண்டு லீக்கிலும் சேர்த்து அவரே முதல். லீக்கில் இந்த மூன்றிலும் முதல் வருவதை 'டிரிபிள் கிரவுன்' என்பார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சராசரி .353 என்பது புதிராக இருக்கும். பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று முறைக்கு மேல் ஒழுங்காக அடித்திருக்கிறார் என்று பொருள். பேஸ்பாலில் அது மிகப் பெரிய விஷயம்.

மூன்று, ஈயமும் துத்தநாகமும். ஓக்லஹோமா, கேன்சஸ், மிசூரி மூன்று மாநிலங்களும் சந்திக்கும் இந்த மூலை முழுக்க ஒரு காலத்தில் சுரங்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், காமர்ஸ் சாலையோரத்தில் கடந்து போகிற இன்னொரு ஊராகத்தான் தெரியும்.

பையில் ஒரு டென்னிஸ் பந்து எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

படி 2: எப்போது போவது

அக்டோபர் நடுப்பகுதி நல்லது. வெயில் தணிந்திருக்கும், அவருடைய பிறந்த நாளும் அந்த மாதம்தான், பேஸ்பால் உலகில் இறுதிக் கட்ட ஆட்டங்கள் சூடுபிடிக்கும் நேரமும் அதுதான். ஏப்ரலும் பரவாயில்லை, பள்ளி மைதானத்தில் ஆட்டம் நடப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை சூறாவளிக் காலம், அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் முதல் பயணம் மே மாதத்தில். ஆலங்கட்டி மழையில் ஒரு பெட்ரோல் பங்க் கூரைக்கு அடியில் ஒரு மணி நேரம் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். போனில் வானிலை எச்சரிக்கையை நிறுத்தி வைத்திருந்தால் கிளம்பும் முன் இயக்கிவிடுங்கள்.

வார நாளா, வார இறுதியா என்றால் சனிக்கிழமை.

படி 3: போகும் வழி

விமானத்தில் வருபவர்களுக்கு டல்சாதான் வசதி. அங்கிருந்து ஐ-44 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். இது சுங்கச் சாலை; காசு வாங்க ஆள் இருக்க மாட்டார்கள், கேமரா உங்கள் நம்பர் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளும். வாடகைக் கார் என்றால் சுங்கத்தோடு சேர்த்து நிறுவனம் தனிக் கட்டணமும் போடலாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பயணம் முடிந்து மூன்று வாரம் கழித்து, சுங்கத்தைவிடப் பெரிய தொகைக்குச் சேவைக் கட்டண ரசீது வந்தது. சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

டல்லாஸிலிருந்து காரில் வந்தால் சுமார் 5 மணி நேரம். யூ.எஸ். 75 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போய், டெனிசன் அருகே யூ.எஸ். 69-இல் சேர்ந்தால் மக்அலெஸ்டர், மஸ்கோகி, ப்ரையர், வினிட்டா என்று அதே சாலை காமர்ஸ் ஊருக்குள்ளேயே கொண்டு விடும். நடுவில் வரும் சின்ன ஊர்களில் வேக வரம்பு திடீரென்று பாதியாகக் குறையும், கவனம்.

வினிட்டாவுக்குப் பிறகு சுங்கச் சாலையில் ஏறாமல் பழைய சாலையிலேயே வாருங்கள். அது ரூட் 66 என்ற புகழ்பெற்ற பழைய நெடுஞ்சாலை. ஆஃப்டனுக்கும் மயாமிக்கும் இடையே 1922-இல் போட்ட ஒரு துண்டுச் சாலை இன்னும் இருக்கிறது. அகலம் வெறும் 9 அடி. எதிரே வண்டி வந்தால் இரண்டு வண்டியும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் போக வேண்டாம்.

இரவு தங்க மயாமி போதும். ஃபுளோரிடா மயாமி இல்லை இது. உள்ளூர்க்காரர்கள் 'மையாமா' என்று உச்சரிப்பார்கள். காமர்ஸ் இங்கிருந்து 4 மைல்தான். பெரிய ஓட்டல்கள் வேண்டுமென்றால் பக்கத்து மாநிலமான மிசூரியில் இருக்கும் ஜாப்லின் போக வேண்டும்.

மயாமி கடைத்தெருவில் கோல்மன் தியேட்டர் இருக்கிறது. 1929-இல் சுரங்க முதலாளி ஜார்ஜ் கோல்மன் கட்டியது. உள்ளே பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். தங்க முலாம், கண்ணாடி விளக்குகள், செதுக்கிய கூரை என்று அரண்மனை போல இருக்கும். பூமிக்கு அடியிலிருந்து வந்த ஈயப் பணம் யார் கையில் எப்படிச் சேர்ந்தது என்று இங்கே பார்த்துவிட்டால், மறுநாள் பார்க்கப் போவது இன்னும் நன்றாக உறைக்கும்.

படி 4: காலை, பாக்ஸ்டர் ஸ்பிரிங்ஸ்

காலை 9 மணிக்குக் கிளம்புங்கள். காமர்ஸைக் கடந்து (நிறுத்த வேண்டாம், கை துறுதுறுக்கும், ஆனாலும் நிறுத்த வேண்டாம்) ரூட் 66 வழியாக குவாப்பா ஊரைத் தாண்டினால் கேன்சஸ் எல்லை. அதை ஒட்டியே பாக்ஸ்டர் ஸ்பிரிங்ஸ்.

இங்கே 'விஸ் கிட்ஸ்' என்ற இளைஞர் அணி இருந்தது. பார்னி பார்னெட் என்ற சுரங்கக்காரர் அதன் மேலாளர். 1948-இல் யாங்கீஸ் அணிக்காக ஆள் தேடும் டாம் கிரீன்வேட் வேறொரு பையனைப் பார்க்க வந்திருந்தார், மூன்றாம் பேஸில் ஆடும் பில்லி ஜான்சன். ஆனால் அன்று கண்ணில் பட்டவன் மேன்டில். அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி ஸ்பிரிங் ஆற்றில் போய் விழுந்தது. பையனுக்கு அப்போது 16 வயது, பள்ளி முடியாமல் ஒப்பந்தம் போட முடியாது. கிரீன்வேட் அடுத்த ஆண்டு திரும்பி வந்து கையெழுத்து வாங்கினார்.

ஊரின் வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடலாம். அதைவிட முக்கியம் ஆற்றங்கரை. போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஆறு அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். அதற்குள் பந்து விழுந்தது என்று நினைத்துப் பார்க்க என்னால் முடிந்தது. அதற்காகவே இங்கே வந்ததில் சந்தோஷம்.

படி 5: பிச்சர், காரை விட்டு இறங்காமல்

பாக்ஸ்டரிலிருந்து மேற்கே சில மைல் போய், யூ.எஸ். 69-இல் தெற்கே திரும்புங்கள். முதலில் ட்ரீஸ், அப்புறம் மாநில எல்லை, அப்புறம் பிச்சர். இரண்டுமே இப்போது ஊர் இல்லை.

தூரத்திலேயே சாம்பல் நிறக் குன்றுகள் தெரியும். இந்தப் பகுதி சமவெளி, இங்கே இயற்கையான குன்று கிடையாது. தெரிவதெல்லாம் ஈயமும் துத்தநாகமும் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கல்பொடி. இங்கே அதை 'சாட்' என்பார்கள். சிலது 200 அடி உயரம் வரை குவித்தார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கா சுட்ட தோட்டாக்களுக்கான ஈயத்தில் பெரும் பங்கு இந்தச் சுரங்க வட்டாரத்திலிருந்து போனது. 1920களில் பிச்சரில் 14,000 பேர் இருந்தார்கள். 1967-இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. பம்ப் ஓடாததால் சுரங்கங்களில் நீர் நிறைந்து, டார் கிரீக் என்ற ஓடை துரு நிறத்தில் ஓடத் தொடங்கியது. 1983-இல் அரசு இதை நாட்டின் மிக மோசமான மாசுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 1990களில் நடந்த பரிசோதனையில், இங்கே மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஆபத்தான அளவு ஈயம் இருந்தது. பிறகு வீடுகளை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றினார்கள். 2008 மே 10 அன்று சூறாவளி மிச்சத்தையும் அடித்துப் போட்டது. 2009-இல் ஊராட்சியே கலைந்தது.

பள்ளி அணியின் சின்னமான கொரில்லாவின் சிலை மட்டும் இன்னும் நிற்கிறது.

இங்கே விதிகள் கண்டிப்பானவை. சாட் குன்றில் ஏற வேண்டாம், படம் எடுப்பதற்குக்கூட. நினைவாக ஒரு கல்லையும் எடுக்க வேண்டாம். பிரதான சாலையை விட்டு வண்டியைத் திருப்ப வேண்டாம், அடியில் சுரங்கம் வெற்றாகக் கிடப்பதால் நிலம் உள்வாங்கும் அபாயம் உண்டு. குழந்தைகள் கூட வந்தால் இறக்கிவிடவே வேண்டாம். இறங்கியே ஆக வேண்டுமென்றால் திரும்பியதும் கை கழுவி, செருப்பைத் துடைத்துவிட்டு ஏறுங்கள். குவாப்பா பழங்குடியினரின் நிலம் இது. பல ஆண்டுகளாக அவர்களே முன்னின்று குவியல்களை அகற்றித் தரையைச் சீர்செய்து வருகிறார்கள்.

மட் மேன்டில் இந்தப் பூமிக்கு அடியில்தான் வேலை பார்த்தார். மிக்கியும் இளவயதில் சுரங்கத்தில் கொஞ்ச காலம் உழைத்தார். அவர் மனைவி மெர்லின் பிச்சர்காரி, 1951 டிசம்பர் 23 அன்று கல்யாணமும் இங்கேதான். அப்பா, தாத்தா, சித்தப்பாக்கள் எல்லாம் புற்றுநோயில் சீக்கிரம் போய்விட்டதால், தானும் 40 தாண்ட மாட்டோம் என்று மிக்கி நம்பினார். அவர்களுடைய நோய்க்குச் சுரங்கம்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் காருக்குள் உட்கார்ந்து அந்தச் சாம்பல் குன்றுகளைப் பார்க்கும்போது, தினமும் இங்கிருந்து மேலே வந்து மகனுக்குப் பந்து எறியப் போன ஒருவரின் தோள் எப்படி வலித்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படி 6: மதியம், காமர்ஸில் சாப்பாடும் சிலையும்

பிச்சரிலிருந்து காமர்ஸ் பத்து நிமிடம். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஊர். சைவச் சாப்பாடு எதிர்பார்க்க வேண்டாம், பழமும் பிரெட்டும் கையில் இருக்கட்டும். ரூட் 66 ரசிகர்களுக்கு, சுவரில் பொந்து போல ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோல் நிலையம் ஒன்று ஊருக்குள் உண்டு. 1934-இல் போனி, கிளைடு என்ற கொள்ளைக்கார ஜோடியின் கும்பல் கால் கேம்பல் என்ற காவலரைச் சுட்டுக் கொன்றதும் இந்த ஊரில்தான், அவருக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

பிறகு உயர்நிலைப் பள்ளியின் மிக்கி மேன்டில் மைதானம். பிரதான சாலையை ஒட்டியே இருக்கிறது, 2010-இல் வைத்த வெண்கலச் சிலை காரில் போகும்போதே தெரியும். எல்லோரும் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் மைதானத்தையும் பாருங்கள். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து பாருங்கள்.

1946-இல் பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியின்போது காலில் உதை வாங்கி, எலும்பில் சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டும் என்ற நிலை மிக்கிக்கு வந்தது. அம்மா லவெல் ஒத்துக்கொள்ளவில்லை. ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த பென்சிலின் அந்தக் காலைக் காப்பாற்றியது. பிறகு யாங்கீஸில் பறப்பது போல ஓடியது அந்தக் கால்தான்.

படி 7: மாலை 4 மணி, சவுத் குயின்சி தெரு 319

3:45-க்கே போய்விடுங்கள். மரத்தால் கட்டிய சின்ன வீடு. தனியார் சொத்து, தெருவில் நின்றுதான் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வண்டியை யார் வாசலையும் மறைக்காமல் நிறுத்துங்கள், குரலைத் தணித்துப் பேசுங்கள்.

வீட்டைவிட கொட்டகையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். துருவேறிய நெளிதகரம், லேசாகச் சாய்ந்து நிற்கும். தகரத்தின் மேடுபள்ளங்களில் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அங்கங்கே நசுங்கல்கள் தெரிகின்றன. எல்லாம் பந்து பட்டவையா, எண்பது வருடக் காற்றும் மழையும் செய்தவையா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச இடத்தைப் பாருங்கள். நம் ஊரில் தெருக் கிரிக்கெட் ஆடுகிற இடத்தைவிடப் பெரிதில்லை. அங்கே நின்று அடித்தவர் 1953-இல் வாஷிங்டனில் அடித்த ஒரு பந்தை 565 அடி என்று அளந்து சொன்னார்கள்.

இப்போது பையிலிருக்கும் டென்னிஸ் பந்தைக் கையில் எடுங்கள். எறிய வேண்டாம், சும்மா பிடித்துக்கொள்ளுங்கள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பாருங்கள். மட் எறிந்த கை, சார்லி எறிந்த கை. நான் அப்படி நின்றபோது என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் எனக்கு நாலு பந்து போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். அரை மணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

மலரோ பந்தோ எதையும் அங்கே விட்டுவிட்டு வர வேண்டாம். பந்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

படி 8: இருட்டும் முன், மட்டின் கல்லறை

மயாமிக்குத் திரும்பும் சாலையிலேயே ஜி.ஏ.ஆர். கல்லறைத் தோட்டம். மட் இங்கே இருக்கிறார். ரசிகர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் வீட்டுக்கு அடுத்தபடியாக முக்கியமான இடம் இதுதான்.

1951 கோடையில் மிக்கி அடிக்கத் திணறியதால் யாங்கீஸ் அவரைக் கீழ்நிலை லீக்கில் ஆடும் கேன்சஸ் சிட்டி அணிக்கு இறக்கிவிட்டது. இனி என்னால் முடியாது என்று அப்பாவுக்குப் போன் செய்தார் மகன். மட் காரை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனார், ஆறுதல் சொல்லவில்லை, மகனுடைய துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். வா, என்னோடு வந்து சுரங்கத்தில் வேலை பார் என்றார். மிக்கி அங்கேயே தங்கினார். 40 ஆட்டங்களில் .361 அடித்துவிட்டு நியூயார்க் திரும்பினார்.

அதே ஆண்டு அக்டோபர், உலகத் தொடர். மைதானத்தில் வடிகால் மூடியில் கால் மாட்டி மிக்கியின் முட்டி பிசகியது. மறுநாள் மருத்துவமனை வாசலில் வண்டியிலிருந்து இறங்கி அப்பாவின் தோளில் சாய்ந்தார். மட் அப்படியே கீழே விழுந்தார். அப்போதுதான் அவருக்கு ஹாட்ஜ்கின் நோய் என்ற புற்றுநோய் இருப்பது மகனுக்குத் தெரிந்தது. அப்பாவும் மகனும் ஒரே அறையில் படுத்து மீதி ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 1952 மே மாதம் மட் இறந்தார், வயது 40. மகன் முழு ஆட்டக்காரனாக நிமிர்ந்த காலத்தை அவர் பார்க்கவில்லை.

கல்லைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். வெளிச்சம் இருக்கும்போதே போங்கள்.

படி 9: இன்னொரு நாள் இருந்தால்

ஜாப்லினில் ஜோ பெக்கர் மைதானம் இருக்கிறது. 1950-இல் மேன்டில் ஜாப்லின் மைனர்ஸ் அணிக்கு .383 அடித்த இடம். அணியின் பெயரைக் கவனியுங்கள், சுரங்கக்காரர்கள்.

டல்லாஸ் திரும்புபவர்கள் ப்ரையரிலிருந்து கிழக்கே விலகி ஸ்பாவினா பார்த்துவிட்டுப் போகலாம். அவர் பிறந்த ஊர், நாலு வயதிலேயே அங்கிருந்து போய்விட்டார்கள். மேன்டிலைப் பற்றிப் பார்க்க அதிகம் கிடையாது. டல்சா நகரத்துக்குக் குடிநீர் தருவதற்காக 1924-இல் கட்டிய ஏரி அழகாக இருக்கும், மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அங்கே பிரிக்கலாம்.

மேன்டில் அடக்கமாகியிருப்பது டல்லாஸில், ஸ்பார்க்மன் ஹில்கிரெஸ்ட் கல்லறை வளாகத்தின் மண்டபத்தில். 1995 ஆகஸ்ட் 13, வயது 63. குடி அவருடைய ஈரலைத் தின்றிருந்தது. கடைசி மாதங்களில் பத்திரிகையாளர்கள் முன் வந்து, என்னைப் போல் ஆகாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். மனைவி மெர்லினும் இரண்டு மகன்களும் அதே இடத்தில். பலர் இங்கே முதலில் வருகிறார்கள். நீங்கள் காமர்ஸ் போய்வந்த பிறகு வாருங்கள், அந்த டென்னிஸ் பந்து பையிலேயே இருக்கட்டும்.